தாது வருஷத்துக் கேள்வி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயதானவர்கள் ஒரு பெயரை நெடுங்காலம் மறக்காமல் வைத்திருந்தார்கள்: தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பருவமழை கைகொடுக்கவில்லை. சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மழை மட்டுமே அவர்களைக் கொல்லவில்லை. ஊர் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. இதைச் சொல்லாமல் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

அந்தப் பஞ்சம் விட்டுப்போன தடயங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்னொரு தடயம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், பழனி மலைகளின் உச்சியில் நிற்கிறது. கொடைக்கானல்காரர்கள் அதை 'அப்சர்வேட்டரி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே கட்டிய வானியல் நோக்ககம் அது.

சோற்றுக்கில்லாமல் செத்தவர்களுக்கும் சூரியனைப் படம் பிடிக்கும் தொலைநோக்கிக்கும் என்ன தொடர்பு? இணைப்புக் கண்ணி சூரியப் புள்ளிகள். சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் இந்தக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் சொல்லியிருந்தார்; அந்த இடைவெளி 11 ஆண்டை ஒட்டியது என்பது பிறகு தெளிவாயிற்று. மழையைக் கொண்டுவருவது சூரியனின் வெப்பம்தானே, அந்தச் சூரியனே 11 ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறதென்றால் மழையும் அதனோடு மாறாதா என்று பலர் கேட்டார்கள். வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சென்னை நகரில் 1813 முதல் பெய்த மழையின் அளவுகளை எடுத்து, சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைவதாக அவருக்குத் தோன்றியது. 1877இல், பஞ்சம் உச்சத்தில் இருந்தபோதே, வானியலாளர் நார்மன் லாக்யருடன் சேர்ந்து அவர் இதை எழுதினார். கணக்கு மெய்யானால் அடுத்த பஞ்சம் வரும் ஆண்டை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சூரியனை நாள் தவறாமல் கவனிக்க வேண்டும் என்ற பேச்சு அரசாங்கக் காகிதங்களுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

கேட்டவர்களை இன்று குறைத்து மதிப்பிடுவது எளிது. அன்று கையிலிருந்த தகவலைக் கொண்டு பார்த்தால் அது நேர்மையான கேள்வி. பதிலைத் தேட ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் கொடைக்கானலாக அமைந்த கதை சென்னையில் தொடங்குகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு நோக்ககம் வைத்திருந்தார். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அங்கே தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கப்பல்களுக்கு நேரமும் நில அளவைக்குத் தீர்க்கரேகையும் தருவதுதான் அந்த நோக்ககத்தின் முதல் வேலை. ஆனால் அங்கே இருந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. டெய்லர் 11,000 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844இல் பட்டியலிட்டார். 1861இல் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்.

அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்று எப்போதும் நினைப்பேன். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கியில் கண்டதோடு ஒத்துப்போகும்படி கணக்கைத் திருத்தி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்து சென்றபோது, அது என்ன என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் எழுதினார். இந்திய மொழிகளில் அறிவியலைச் சொல்லிப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர்.

அந்த நோக்ககத்தில் பாரிஸில் செய்த ஒரு லென்ஸ் இருந்தது. லெரெபூர், செக்ரெத்தான் என்ற பட்டறையினர் 1850ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. குறுக்களவு 15 சென்டிமீட்டர். இந்த லென்ஸ் பின்னால் மலையேறப் போகிறது.

1880களில் சென்னை வானம் போதாது என்பது தெளிவாகிவிட்டது. கடற்கரை ஊரின் ஈரக்காற்று, தூசி, வெக்கை எல்லாம் ஒளியைக் கலைத்தன. வானத்திலிருந்து வரும் ஒளி கடைசியில் கடக்கும் சில கிலோமீட்டர் காற்றுதான் பிம்பத்தை அதிகம் கெடுக்கிறது. வெயில் காயும் தார்ச்சாலையில் எதிரே வரும் வண்டி நெளிவது போல, சூடேறிய நிலத்துக்கு மேலே சூரியனின் விளிம்பும் நெளியும். உயரே போனால் அந்தக் காற்றில் கணிசமான பகுதி நம் காலடிக்குக் கீழே போய்விடும். பழனி மலைகளிலும் நீலகிரியிலும் இடம் தேடும் வேலை சார்ல்ஸ் மிச்சி ஸ்மித்திடம் வந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தபோது, நிறமாலைமானியைத் தூக்கிக்கொண்டு அதை அளக்கப் போனவர். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

அவர் தேர்வு கொடைக்கானல். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். அன்று மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. ரயில், அடிவாரச் சமவெளியோடு நின்றது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் நடைபாதைதான் வழி. வசதியுள்ளவர்கள் டோலியில் போனார்கள். சாமான்கள் மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஏறின. மோட்டார் வண்டி ஏறக்கூடிய மலைச்சாலை 1910களின் நடுவில்தான் வந்தது. குவிமாடத்தின் இரும்பையும் தொலைநோக்கியின் குழாயையும் அந்தச் செங்குத்துப் பாதையில் ஏற்றிய சுமைகூலிகளை நினைக்காமல் அப்சர்வேட்டரி வாசலைக் கடக்க என்னால் முடிவதில்லை. 1899இல் நிர்வாகம் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. இந்திய வானிலைத் துறையின் கீழ் வந்தது. 1901இல் முறையான வேலை தொடங்கியது. மிச்சி ஸ்மித்தே முதல் இயக்குநர். 1911இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் மலையை விட்டு இறங்கவில்லை. 1922இல் கொடைக்கானலிலேயே காலமானார்.

அந்த மலைக்கும் ஒரு குறை உண்டு. காலை ஏற ஏற, சரிவுகள் சூடாகி மேகம் கட்டத் தொடங்கிவிடும். சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்துக்குள் கிடைக்கும் அமைதியான காற்றுதான் வானியலாளரின் சொத்து. அதனால் அங்கே வேலை விடியலோடு தொடங்கும். 1904 முதல், வானம் விடும் ஒவ்வொரு நாளும் சூரியனின் முழு வட்டைப் படம் எடுத்தார்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியன் கண்ணாடித் தட்டில் பதியும். முதலில் சிறிய 10 சென்டிமீட்டர் லென்ஸால் எடுத்தார்கள். 1918இலிருந்து அந்த வேலை 1850ஆம் ஆண்டின் பாரிஸ் லென்ஸுக்கு வந்தது. டப்ளினின் கிரப் பட்டறை 1898இல் அந்தத் தொலைநோக்கியைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தது. சென்னையில் வியாழனையும் சனியையும் பார்த்த கண்ணாடி, பிறகு நூறாண்டுக் காலம் சூரியனையே பார்த்தது.

வெள்ளொளியில் எடுத்த படம் புள்ளிகளைக் காட்டும். சூரியனின் மேலடுக்கை அது காட்டாது. அதற்கு ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி 1904இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. சூரியனின் பிம்பம் ஒரு மெல்லிய பிளவின் மேல் விழும். பிளவு வழியே நுழையும் ஒளிக்கீற்றை முப்பட்டகங்கள் நிறமாலையாக விரிக்கும். அந்த நிறமாலையில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் இரண்டாவது பிளவு வெளியே விடும். பிம்பம் முதல் பிளவைக் கடந்து மெல்ல நகரும்போது, அதே வேகத்தில் கண்ணாடித் தட்டும் நகரும். கோடு கோடாகச் சேர்ந்து முழுச் சூரியனும் அந்த ஒற்றை நிறத்தில் பதிந்துவிடும். கோலம் போடுகிறவர் இழை இழையாய்ப் போட்டு முடிக்கிற மாதிரி. கொடைக்கானலில் தேர்ந்தெடுத்த நிறம், ஊதா முனையில் 393.4 நானோமீட்டரில் இருக்கும் கால்சியத்தின் 'கே' கோடு. காந்தப்புலம் செறிந்த இடங்கள் இந்த நிறத்தில் பளிச்சென்று ஒளிரும். ஏன் ஒளிர்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1907இல் ஜான் எவர்ஷெட் வந்தார். சம்பளத்துக்கு வானியல் பார்த்து வளர்ந்தவர் அல்லர். இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஆர்வத்தில் சூரியனைப் படித்தவர். கருவியைத் தானே கழற்றி, தானே சீரமைப்பார். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் படம் எடுக்கும் இன்னொரு கருவியையும் அங்கேயே உருவாக்கினார். 1912 முதல் அதுவும் ஓடியது. மனைவி மேரியும் வானியலாளர். தென்வானத்து விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர்; தாந்தேயின் காலத்து வானியல் பற்றியும் நூல் எழுதினார். சூரிய விளிம்பிலிருந்து எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் கொடைக்கானல் படங்களைக் கொண்டு சேர்ந்து ஆய்வு செய்தார்கள்.

1909 ஜனவரியில் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தார். சூரியப் புள்ளிக்கு நடுவில் கருநிழலும் அதைச் சுற்றிப் பூவிதழ் போல் இழைகள் விரிந்த புறநிழலும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஜார்ஜ் ஹேல், புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் காட்டியிருந்தார். புள்ளி ஒரு சுழல் என்பது ஹேலின் எண்ணம். சுழல் என்றால் வாயு வட்டமாய்ச் சுற்ற வேண்டும். நிறமாலைக் கோடுகளும் அதற்கேற்ப விலக வேண்டும். எவர்ஷெட் தட்டில் கண்டது வேறு.

கொடைக்கானல் ஏரிக்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நமக்குக் குறுக்கே போகும் படகு எவ்வளவு விரைந்தாலும், அந்த நொடியில் நம்மிடமிருந்து அதன் தூரம் மாறாது. நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும்தான் தூரத்தை மாற்றும். ஒளியின் நிறம் மாறுவதும் இந்தத் தூர மாற்றத்தைப் பொறுத்ததே: நெருங்கும் வாயுவின் கோடுகள் நீலப்பக்கமும், விலகும் வாயுவின் கோடுகள் சிவப்புப்பக்கமும் சற்றே நகரும். எவர்ஷெட் பார்த்த புள்ளிகள் சூரிய வட்டின் நடுவே இருந்தபோது புறநிழலில் விலகலே இல்லை. வட்டின் விளிம்பு நோக்கி நகர்ந்த புள்ளிகளில் விலகல் தெரிந்தது. புறநிழலின் விளிம்புப் பக்கம் சிவப்பாகவும், மையப் பக்கம் நீலமாகவும் நகர்ந்திருந்தது. இதற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. வாயு சுழலவில்லை. கருநிழலின் ஓரத்திலிருந்து நாலாபுறமும், சூரியப் பரப்புக்கு இணையாக, வெளிநோக்கி ஓடுகிறது. வேகம் நொடிக்கு சுமார் இரண்டு கிலோமீட்டர்.

உலகெங்கும் இன்று இதன் பெயர் எவர்ஷெட் விளைவு. காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுத்த நிலையில் செல்லும் புறநிழல் இழைகளின் வழியே அந்த ஓட்டம் நடக்கிறது என்று இப்போது அறிவோம். அதன் இயக்கத்தைக் கணினி மாதிரிகளில் உருவாக்கிப் பார்க்கும் வேலை இந்த நூற்றாண்டிலும் தொடர்கிறது. எவர்ஷெட்டிடம் இருந்தவை கண்ணாடித் தட்டு, நுண்ணோக்கி, பொறுமை, மலைக் காலையின் நல்ல காற்று.

அப்படியானால் மழைக் கேள்வி என்ன ஆனது?

கொடைக்கானலை நிர்வகித்த அதே வானிலைத் துறையின் தலைவராக 1904இல் வந்தவர் கில்பர்ட் வாக்கர், கணித மேதை. சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் கொண்டு சோதித்தார். தொடர்பு மிகப் பலவீனம், பருவமழையை முன்னறிய அது உதவாது என்று கண்டார். பிறகு உலகெங்குமிருந்து காற்றழுத்த அளவுகளை வரவழைத்துக் கணக்குப் போட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்ற மாபெரும் ஏற்ற இறக்கத்தை 1920களில் அவர் அடையாளம் கண்டார். எல் நினோ என்று நாம் செய்தியில் கேட்பது அந்த ஊசலின் கடல் முகம். 1877-78இல் பசிபிக்கில் வந்தது பதிவிலுள்ள மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. அந்தப் பஞ்ச காலத்தின் மழைப் பொய்ப்பில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஹண்டர் வானத்தில் தேடிய காரணம் கடலில் இருந்தது. செயற்கைக்கோள்கள் அளந்தபோது, 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது.

இந்த வாக்கரை நாம் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்கு நோட்டைப் பார்த்தார். இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

பருவமழைக்கான விடை கொடைக்கானலில் கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடுவதற்காகப் பழகிய தினப்பழக்கம் நிற்கவில்லை. எவர்ஷெட் 1923இல் போனார், ராய்ட்ஸ் வந்தார். 1937இல் முதல் இந்திய இயக்குநராக ஏ.எல். நாராயண் பொறுப்பேற்றார். இரண்டு உலகப் போர்களும், நாட்டு விடுதலையும் வந்து போயின. மழை, மூடுபனி நாட்களைத் தவிர மற்ற காலைகளில் தட்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன. கிரீனிச் நோக்ககம் தன் சூரியப் புள்ளிப் பதிவேட்டின் விடுபட்ட நாட்களை நிரப்பக் கொடைக்கானல் படங்களையும் வாங்கிக்கொண்டது. ஏ.கே. தாஸ் இயக்குநராக இருந்த காலத்தில் சுரங்கத் தொலைநோக்கி உருவாயிற்று. 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே அனுப்பும்; 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில், வெயில் கலைக்காத காற்றினூடே அது பயணம் செய்து, ஏறத்தாழ முக்கால் முழம், அதாவது 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியனாக விழும்.

1960இல் இயக்குநராக வந்தார் வைணு பாப்பு, முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். வரும்போதே அவர் பெயரில் ஒரு விளைவு இருந்தது. 1957இல் ஓலின் வில்சனோடு சேர்ந்து அவர் கண்டது இது: குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில், கால்சியம் கே கோட்டின் நடுவே தெரியும் ஒளிர்வின் அகலத்தை அளந்தால் அந்த விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துவந்த அதே கோடு! விண்மீனில் வெறும் புள்ளியொளியாக வருவதை, சூரியனில் இடம் பிரித்துப் பார்க்கலாம். பாப்புவும் சிவராமனும் அதைத்தான் செய்தார்கள்: சூரியப் பரப்பில் சிதறிக்கிடக்கும் நுண்ணிய ஒளித்துணுக்குகளே அந்த அகலத்துக்குக் காரணம் என்று 1971இல் காட்டினார்கள். அதே ஆண்டு கொடைக்கானல், இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பின் பகுதியாயிற்று.

இரவு வானத்துக்குப் பாப்பு வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் அருகே காவலூர். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்த நோக்கர்களில் காவலூர்க் குழுவும் இருந்தது. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை, 1982இல் காலமாகியிருந்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1988இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

காவலூர் வளர்ந்தபோதும் மலைமேல் பழைய வேலை தொடர்ந்தது. கால்சியத் தட்டுகள் 2007 வரை வந்தன. சூரியனின் வெவ்வேறு நிறப் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல். வில்சன் மலையின் கால்சியப் படங்கள் 1915இல் தொடங்கி 1985இல் முடிந்துவிட்டன. ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே கருவியில், இத்தனை நீண்ட தொடர் உலகில் அரிது. சூரியப் புள்ளி சில நாட்களோ சில வாரங்களோதான் வாழும். போன நூற்றாண்டின் ஒரு காலையை மீண்டும் படம் எடுக்க எந்தப் புதிய கருவியாலும் முடியாது. இன்று ஆதித்யா-எல்1 விண்கலத்தில், இதே நிறுவனம் செய்துகொடுத்த கருவி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனின் மேல்வளியைப் பார்க்கிறது. அதன் படங்கள் மிக நுட்பமானவை. ஆனால் அவற்றுக்கு 2023க்கு முந்தைய நினைவு கிடையாது.

அந்த நினைவுக்காகத்தான் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, டிஜிட்டல் வடிவமாக மாற்றினார்கள். அவற்றிலிருந்து கிடைப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சூரியத் துருவங்களைப் பற்றியது. ஒரு சுழற்சி முடியும் தறுவாயில் துருவங்களில் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த சுழற்சியின் வலிமை அமைகிறது. செயற்கைக்கோள்களையும் மின்கட்டங்களையும் பாதிக்கும் சூரியப் புயல்களை முன்னறிய இது தேவை. ஆனால் துருவப் புலத்தைச் சீராக அளக்கத் தொடங்கியது 1970களை ஒட்டித்தான். கையிலிருப்பவை நான்கைந்து சுழற்சிகள் மட்டுமே. காந்தப்புலம் இருக்குமிடத்தில் கால்சியம் ஒளிரும் அல்லவா? கொடைக்கானல் தட்டுகளில் துருவங்களை ஒட்டித் தெரியும் சின்னஞ்சிறு ஒளித்துணுக்குகளை எண்ணி, அளவீடே இல்லாத ஆண்டுகளின் துருவப் புலத்தையும் இப்போது மதிப்பிடுகிறார்கள். அந்தத் தொடரில் 1907ஆம் ஆண்டின் தட்டுகளும் இருக்கின்றன. பிளவின் முன்னால் அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் காந்தப்புலத்தைத் தேடவில்லை. சூரியனில் காந்தம் இருப்பதை ஹேல் கண்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான்.